பிழை எவருடையது?

கணினி நம் நாட்டிற் பரவிய பின்னர்த் தமிழிற் புதிதாகப் புனையப்பெற்ற சொற்கள் மிகப் பல. அவற்றுட் பெரும்பாலன அகராதியிற் பிறந்து அகராதியிலேயே உறங்குகின்றன. வழக்கில் நிலைபெற்ற சிலவற்றுள் 'இடைமுகம்' என்பது ஒன்று. மனிதனுக்கும் பொறிக்கும் இடையே நிற்கும் முகம் என்பது அதன் பொருள். இச்சொல்லை முதலிற் சொன்னவர் யாராயினும் ஆகுக. அவர் நல்ல தமிழறிவு உடையவர் என்பதில் ஐயமில்லை. ஒருவருடைய அகத்தை நாம் நேரே காண்பதில்லை. முகத்தைக் கொண்டே உய்த்துணர்கின்றோம். 'குறிப்பறிதல்' என்னும் ஒரே பெயரில், பொருட்பாலில் ஒன்றும் காமத்துப்பாலில் ஒன்றுமாக இரண்டு அதிகாரங்கள் வகுத்த வள்ளுவர் இதனை நன்கு அறிந்தவர். பொறியின் நிலையும் இதுவே. கைத்தொலைபேசியின் உள்ளே மின்சாரம் என்ன செய்கின்றது என்பதை அதனைக் கையில் வைத்திருப்போர் அறியார், அறியவேண்டியதும் இல்லை. அவர்களுக்குத் திரையே தொலைபேசி. திரையிற் கண்ட குறிப்பே பொறியின் கருத்து.

இது பொறியியலாருக்குரிய விடயம், இலக்கணம் படிப்பிக்கும் பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என வினவுவார் உளர். முகம் என்று சொல்லும் அது எதனால் ஆயது? எழுத்தால் ஆயது, சொல்லால் ஆயது, எதனை முன் வைப்பது, எதனைப் பின் வைப்பது, எதனை எதன் அருகே வைப்பது என்னும் வைப்புமுறையால் ஆயது. ஒரு நூலுக்குக் குற்றம் எவை, அழகு எவை எனப் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே தொகுத்துவைத்த பத்தும் பத்தும் இத்துறைக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்பதைக் காணுந்தோறும் வியப்பே மிகுகின்றது. எனினும், அவ்வியப்பைச் சொல்வதற்காக மட்டும் இதனை எழுதப் புகுந்தேனல்லேன்.

வங்கிச் சுவரிற் பதித்த பணப்பொறியின் முன்னே தடுமாறி நிற்கும் முதியவர்களைப் பார்த்திருப்பீர்கள். பின்னே வரிசை நீளும். மூதாட்டி ஒருவர் திரும்பி, "எனக்கு உது விளங்காது தம்பி, நான் படிக்காதனான்" என்பார். காவலாளியோ, "எழுதிக் கிடக்குதுதானே ஆச்சி, வாசிக்கேல்லையோ?" என்பார். இருவரும் சொல்வது ஒரே தீர்ப்பு: பிழை ஆச்சியுடையது. பொறியின் முகத்தை எவரும் விசாரிப்பதில்லை. பள்ளிக்கூடத்திலும், பணிமனையிலும், நீதிமன்றத்திலுங்கூட நெடுங்காலம் வழங்கிவந்த தீர்ப்பு இது. இதனை முதன்முதல் ஐயுற்றவர்கள் புலவரல்லர், போர்க்கால உளவியலாளர்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கரின் பீ-17 என்னும் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் விந்தையான ஒரு விபத்துக்குப் பலமுறை உள்ளாயின. பகைவர் சூட்டுக்குத் தப்பி மீண்டு, ஓடுபாதையிற் செவ்வையாக இறங்கிய பின்னர், விமானி தம் கையாலேயே சில்லுகளை உள்ளே மடக்கிவிடுவார். விமானம் வயிறு நிலத்திற் பட விழும். 'விமானியின் தவறு' என்று பதிவேட்டில் எழுதி முடித்தனர். அல்போன்ஸ் சப்பானிஸ் என்னும் இளம் உளவியலாளர் அம்முடிபிலே மனநிறைவு கொள்ளாது, விமானியின் இருக்கைக்கு முன்னுள்ள ஆளிகளை ஆராய்ந்தார். சில்லை மடக்கும் ஆளியும், இறங்குங்காற் சிறகின் பின்புறத்தே விரிக்கும் தட்டுகளை மடக்கும் ஆளியும் ஒன்றன் அருகே ஒன்றாக, ஒரே வடிவினவாய் இருந்தன. நெடுநேரம் பறந்து களைத்த ஒருவன், கண்ணை ஓடுபாதையில் வைத்துக்கொண்டு, கையாற் தடவி ஒன்றை இழுக்கின்றான். இரண்டும் கைக்கு ஒன்றுபோலவே படுகின்றன. சப்பானிஸ் செய்த மருத்துவம் மிக எளியது: சில்லின் ஆளிக்குச் சிறிய இறப்பர்ச் சில்லு ஒன்றையும், தட்டின் ஆளிக்கு ஆப்பு வடிவான ஒன்றையும் பொருத்தினார். அவ்வளவே. இன்று நாம் ஏறிச் செல்லும் பயணிகள் விமானங்களிலும் சில்லை இயக்கும் கைப்பிடியின் நுனி சில்லு வடிவாகவே இருக்கின்றது.

போர் முடிந்த பின்னர், 1947ஆம் ஆண்டிலே, போல் பிற்ஸ், றிச்சாட் ஜோன்ஸ் என்னும் இருவர் இத்தகைய தவறுகள் 460ஐத் தொகுத்து ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டனர். அவற்றுள் ஏறத்தாழப் பாதி, ஓர் ஆளியை மற்றோர் ஆளியென மயங்கியதனால் விளைந்தவை. அவ்வறிக்கையின் தலைப்பிலே 'விமானியின் தவறு' என்னும் தொடரை மேற்கோட் குறிகளுக்குள் இட்டிருந்தனர். மாணவர் இதனைக் கவனிப்பாராக. இரண்டு குறியீடுகள் ஒரு தொடரின் பொருளையே ஐயத்துக்கு உள்ளாக்கிவிட்டன. தவறு என்று பிறர் சொல்வது. நாம் சொல்வதன்று என்பது அவற்றின் குறிப்பு.

இனி, எழுத்தும் வைப்புமுறையும் மாத்திரமே கொண்ட ஒரு முகத்தாற் விளைந்த கேட்டினைக் காண்போம். இதில் ஆளியும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஒரு கடதாசி.

2000ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7ஆந் திகதி அமெரிக்காவிலே ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. புளோரிடா மாநிலத்திலுள்ள பாம் பீச் மாவட்டம், ஓய்வுபெற்ற முதியோர் மிகுதியாக வாழும் இடம். அங்கு வாக்களிப்போர், புத்தகம்போல் விரிந்து கிடக்கும் பெயர்ப் பட்டியலின் கீழே ஓர் அட்டையைச் செருகி, எழுத்தாணி போன்றதொரு கருவியாற் தாம் விரும்பியவர்க்குரிய துளையிற் குத்தவேண்டும். அவ்வாண்டு போட்டியிட்ட கட்சியினர் பதின்மர். பத்துப் பெயர்களையும் ஒரு பக்கத்தில் அடக்கினால் எழுத்துச் சிறுத்துவிடும். முதியோர் கண்ணுக்குத் தெரியாது. ஆதலின் தேர்தலுக்குப் பொறுப்பான அதிகாரி எழுத்தைப் பெரிதாக்கி, இடப்பக்கத்தில் ஆறு பெயரும் வலப்பக்கத்தில் நான்கு பெயருமாகப் பிரித்து, துளைகளை இரண்டு பக்கங்களுக்கும் நடுவே ஒரே வரிசையில் அமைத்தார். இரு சிறகும் நடுவே உடலும் போலிருந்தமையால் அதனைப் பின்னர் 'வண்ணத்துப்பூச்சி வாக்குச்சீட்டு' என்றனர். அவ்வதிகாரியின் நோக்கம் அருளுடையது என்பதை நாம் மறத்தலாகாது. அவர் ஆல் கோரின் கட்சியைச் சேர்ந்தவர் என்பதையும் மறத்தலாகாது.

இடப்பக்கத்தில் முதற்பெயர் ஜோர்ஜ் புஷ். இரண்டாவது பெயர் ஆல் கோர். வலப்பக்கத்தில் முதற்பெயர் பற் புக்கானன். அது இடப்பக்கத்து முதலிரண்டு பெயர்களுக்கும் இடைப்பட்ட உயரத்தில் நின்றது. ஆகவே நடுவிலுள்ள துளைகளுள் முதலாவது புஷ்ஷுக்கும், இரண்டாவது புக்கானனுக்கும், மூன்றாவது கோருக்கும் உரியனவாயின. இடப்பக்கத்தை மேலிருந்து கீழாக வாசிக்கும் ஒருவர் என்ன காண்பார்? கோர் இரண்டாவது பெயர். ஆதலின் இரண்டாவது துளையிற் குத்துவார். அம்புக்குறி இருந்தது; இலக்கமும் இருந்தது. எனினும் இரண்டாவது பெயருக்கு இரண்டாவது துளை என்பதைக் கண் முன்னரே முடிவு செய்துவிடுகின்றது; அம்புக்குறியை அது தேடுவதில்லை.

முடிபு உலகறிந்தது. அம்மாவட்டத்திலே புக்கானனுக்கு ஏறத்தாழ 3,400 வாக்குகள் கிடைத்தன. மாநிலத்தின் மற்றை மாவட்டங்களுள் அவருக்கு மிகுதியாகக் கிடைத்த இடத்திலும் ஏறத்தாழ 1,000 வாக்குகளே கிடைத்திருந்தன. தமக்கு விழுந்தவற்றுட் பல தம்முடையன அல்ல என்பதை அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பிழையாகக் குத்திவிட்டதை உணர்ந்து மீண்டும் சரியான துளையிலும் குத்தியவர்களுடைய சீட்டுகள் உட்பட, இரட்டைக் குத்துடைய சீட்டுகள் 19,000க்கு மேற்பட்டவை செல்லாதனவாயின. புளோரிடா மாநிலத்தில் ஏறத்தாழ 60 இலட்சம் வாக்குகள் எண்ணப்பட்ட பின்னர் புஷ் வென்றது 537 வாக்குகளால். அம்மாநிலமே அவரை ஜனாதிபதியாக்கியது. டிசம்பர் 12ஆந் திகதி உச்ச நீதிமன்றம் மீள எண்ணுதலை நிறுத்திய தீர்ப்போடு வழக்கு முடிந்தது.

கண்ணிருந்தும் பாராதவர்களுடைய வாக்கு எண்ணப்படாமையே நன்று என்று அக்காலத்தில் ஏளனம் செய்தோர் பலர். சீட்டின் மாதிரி முன்கூட்டியே வெளியிடப்பட்டதே, எவரும் குறை சொல்லவில்லையே என்றனர் வேறு சிலர். ஆச்சிக்கு வங்கிக் காவலாளி சொன்ன தீர்ப்பே இதுவும். ஆயின் 2001ஆம் ஆண்டில் அமெரிக்க அரசியலறிஞர் சிலர் ஒரு கூரிய சோதனை செய்தனர். அதே மாவட்டத்திலே, வாக்குச்சாவடிக்கு வராமல் அஞ்சல் மூலம் வாக்களித்தவர்களுக்கு வண்ணத்துப்பூச்சிச் சீட்டு வழங்கப்படவில்லை. பெயர்கள் நேராக வரிசைப்பட்ட வேறு சீட்டே வழங்கப்பட்டது. அவர்களிடையே புக்கானன் பெற்ற விகிதத்தினும் ஏறத்தாழ நான்கு மடங்கு விகிதத்தை அவர் வாக்குச்சாவடியிற் பெற்றிருந்தார். ஊர் ஒன்று, தேர்தல் ஒன்று; சீட்டின் முகம் ஒன்றே வேறு. கோருக்கு வாக்களிக்க வந்தோருள் 2,000க்கு மேற்பட்டோர் முகத்தால் மயங்கிப் புக்கானனுக்குக் குத்தினர் என்பது அவர்கள் கண்ட முடிபு. 2,000 எங்கே, 537 எங்கே! வாக்காளர் கவனமற்றவராயின் அஞ்சலிலும் கவனமற்றவராகவன்றோ இருந்திருத்தல் வேண்டும்?

நன்னூலார் கூறிய பத்துக் குற்றங்களுள் 'மயங்க வைத்தல்' என்பது ஒன்று. அதனைப் படிப்பிக்கும்போது, பொருள் இதுவோ அதுவோ என ஐயுறும்படி சொற்களை வைத்தல் என்று சொல்லி மேலே செல்வது வழக்கம். அத்தொடரில் 'வைத்தல்' என்னும் சொல் எத்துணை நுட்பமாக ஆளப்பட்டிருக்கின்றது என்பதை இவ்வாக்குச்சீட்டைப் பார்த்த பின்னரே முழுதும் உணரமுடிகின்றது. சீட்டிலே பிழையான சொல் ஒன்றுமில்லை. விடுபட்ட பெயர் ஒன்றுமில்லை. வைப்பே குற்றம்.

வைப்பைக் கண் எவ்வாறு படிக்கின்றது என்பதற்கு ஜேர்மனிய உளவியலாளர் மக்ஸ் வேர்தைமர் 1923ஆம் ஆண்டிலே எழுதிய ஆராய்ச்சி இன்றும் அடிப்படையாய் நிற்கின்றது. அருகருகே உள்ளவற்றைக் கண் ஓரினமாகக் கொள்ளும். ஒத்த தோற்றமுடையவற்றை ஓரினமாகக் கொள்ளும். இடையறாது தொடர்வதை ஒன்றாகக் கொள்ளும். இது நாம் எண்ணிச் செய்வதன்று. எண்ணுமுன்னரே கண் செய்து முடிப்பது. தமிழ் மாணவர்க்கு இதனை விளக்க வேற்றுநாடு செல்லவேண்டியதில்லை. 'தாமரை' என்னும் பொதுமொழியை நோக்குக. சேர்த்து எழுதினாற் பூ. 'தா மரை' எனச் சிறிது இடம் விட்டால் தாவுகின்ற மான். எழுத்து மூன்றும் அவையே. வெற்றிடம் ஒன்று புகுந்து பொருளை மாற்றிவிட்டது. வெற்றிடம் என்பது ஒன்றும் இல்லாமை அன்று. அதுவும் ஓர் எழுத்தே என்று சொல்லத் தோன்றுகின்றது.

இவ்வெற்றிடம் நமக்கு எளிதிற் கிடைத்ததன்று. பனையோலை ஏட்டின் முகத்தை அறிந்தவர்க்கு இது தெரியும். எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று அஞ்சிப் புள்ளி இடாமையால் மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றாகத் தோன்றும். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடா. ரகரமும் ஆகாரக் காலும் ஒருவடிவாய் நிற்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. செய்யுளுக்கும் உரைக்குமே பல ஏடுகளில் வேறுபாடு இல்லை. பாடம் திரிந்தபோதெல்லாம் ஏடெழுதியோரைப் பழித்தல் நம்முடைய வழக்கம். அவர்களும் பாம் பீச் வாக்காளரைப் போன்றவர்களே. மயங்குதற்கு எல்லாவகையாலும் இடந்தந்த ஒரு முகத்தைப் பார்த்து எழுதினர். பதினெட்டாம் நூற்றாண்டிலே வீரமாமுனிவர் நெட்டெழுத்துக்கு வேற்றுவடிவம் தந்து மயக்கத்தின் ஒரு பகுதியை நீக்கினார். பின்னர், 1849ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய ஆறுமுக நாவலர் பதிப்பித்த நூல்களை எடுத்து நோக்குக. சந்தி பிரித்த இடமும், நிறுத்தக்குறி இட்ட இடமும், பந்தி பிரித்த இடமும் அவர் வாசகனை மனத்தில் இருத்திப் பக்கத்தை அமைத்தவர் என்பதைக் காட்டும். பிழையற்ற பதிப்பு என்று அவற்றைப் பாராட்டுகின்றோம். வாசகன் பிழைசெய்யாத பதிப்பு என்றும் பாராட்டியிருத்தல் வேண்டும்.

குற்றம் மயங்க வைத்தல் ஒன்றோடு நில்லாது. குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் ஓரிடத்திலேயே கூடி நின்றதற்கு ஒரு சான்று உண்டு. 1979ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28ஆந் திகதி விடியற்காலை நான்கு மணியளவில், பென்சில்வேனியா மாநிலத்திலே திறீ மைல் ஐலண்ட் என்னும் அணுமின் நிலையத்தில், அமுக்கத்தைத் தணிக்கத் திறந்த ஒரு வால்வு மீண்டும் மூடாது சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையிலோ அதற்குரிய விளக்கு அணைந்திருந்தது. விளக்கு அணைந்தால் வால்வு மூடிவிட்டது என்றே ஊழியர் கொண்டனர். உண்மையில் அவ்விளக்கு சொன்னது வேறு: மூடும்படி கட்டளை அனுப்பப்பட்டது என்பது மாத்திரமே. கட்டளை சென்றது என்பதற்கும் காரியம் முடிந்தது என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளை வளர்த்த எவரும் அறிவர். அவ்வறையின் முகம் அதனை அறியவில்லை. இது குன்றக் கூறல். அதே வேளையில், முதற் சில நிமிடங்களுக்குள்ளேயே நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒருங்கே ஒலித்தும் ஒளிர்ந்தும் நின்றன. எது தலையாயது, எது கடையாயது என்னும் வேறுபாடு இல்லை. இது மிகைபடக் கூறல். ஏறத்தாழ இரண்டேகால் மணித்தியாலம் நீர் வெளியேறிய பின்னரே வேறொரு வால்வை மூடினர். அதற்குள் உலையின் கருவில் ஏறத்தாழப் பாதி உருகுதற்கு வழி பிறந்துவிட்டது. அமெரிக்க ஜனாதிபதி காட்டர் அமைத்த ஆணைக்குழு ஊழியருடைய செயல்களைக் குறிப்பிட்டதோடு, அவர்கள் பெற்ற பயிற்சியின் குறையையும் அவ்வறையின் அமைப்பையும் கடிந்துரைத்தது. அதனை ஆராய்ந்தோருள் டொனால்ட் நோர்மன் என்னும் உளவியலாளரும் ஒருவர். கதவு, அடுப்பு, குழாய் முதலிய அன்றாடப் பொருள்களின் முகத்தைப் பற்றி அவர் 1988ஆம் ஆண்டில் எழுதிய நூல் இத்துறையிற் புகுவோர் அனைவரும் முதலிற் படிப்பது.

இவ்வளவு சொன்ன பின்னர், முகம் எளிதாயிருந்தாற் போதும், பயில்வோன் ஒன்றும் கற்கவேண்டியதில்லை என்னும் கட்சிக்கும் யான் உடன்படேன் என்பதைச் சொல்லவேண்டும். பத்தழகுகளுள் 'விளங்க வைத்தல்' ஒன்று. 'நவின்றோர்க்கு இனிமை' மற்றொன்று. இரண்டும் ஒன்றல்ல. வீணையின் முகம் புதியவனுக்கு எளிதன்று; அதனை எளிதாக்கினால் அது வீணையன்று. நாடோறும் எட்டு மணித்தியாலம் ஒரே திரையின் முன் அமரும் கணக்காளருக்கு வேண்டியது பழகிய கைக்கு விரைந்து பணிசெய்யும் முகம். சில ஆண்டுகளுக்கொரு முறை கையில் எடுக்கும் வாக்குச்சீட்டுக்கோ, திங்களுக்கொரு முறை ஆச்சி அணுகும் பணப்பொறிக்கோ வேண்டியது வேறு. இவ்விரண்டையும் மயங்குதல் இன்று மென்பொருள் அமைப்போரிடம் மிகுதியாகக் காணப்படும் குறை என்பது என் கருத்து.

உவமையின் செய்தியும் சுவையானது. முற்காலத்துக் கணினிக்குக் கட்டளைகளை மனனம் செய்து தட்டச்சிடவேண்டும். 1981ஆம் ஆண்டில் செறொக்ஸ் நிறுவனமும் 1984ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனமும் வெளியிட்ட கணினிகள், எழுதும் மேசையை உவமையாகக் கொண்டு, கோப்பு, உறை, குப்பைக்கூடை ஆகியவற்றைப் படமாகத் திரையில் வைத்தன. கற்பது எளிதாயிற்று. ஆனால் அப்பிள் கணினியிலே செருகிய தட்டை வெளியே எடுக்கவேண்டுமானால் அதன் படத்தைக் குப்பைக்கூடையில் இடவேண்டியிருந்தது! எழுதியதெல்லாம் அழிந்துவிடுமோ என அஞ்சியவர் பலர். உவமை எவ்வளவுக்குப் பொருந்தும் என்னும் எல்லையை உணராது ஆண்டால் வரும் இழுக்கு இது. இன்னொன்று: எழுதியதைச் சேமிப்பதற்கு இன்றும் வழங்கும் சதுரப் படம் ஒரு காலத்து நெகிழ்தட்டின் உருவம். இக்காலத்து மாணவர் அத்தட்டைக் கண்டிலர். படம் மட்டும் நிற்கின்றது. காரணக்குறியாய்ப் பிறந்தது நம் கண்முன்னரே இடுகுறியாய் மாறிவிட்டது. இலக்கண வகுப்பில் இதனினும் நல்ல உதாரணம் கிடைத்தல் அரிது.

ஒரு முகம் நல்லதோ தீயதோ என்பதை எவ்வாறு துணிவது? அமைத்தவனைக் கேட்டல் பயனற்றது. அவனுக்கு எல்லாம் விளங்கும். யாகொப் நீல்சன் முதலியோர் வற்புறுத்திய முறை இது: பயன்படுத்தப்போகும் மனிதர் சிலரை, ஐவராயினும் போதும், அழைத்து முன் இருத்தி, ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லி, வாய் திறவாது பார்த்திருத்தல். எங்கே கை தயங்குகின்றது, எங்கே கண் அலைகின்றது என்பதைக் குறித்துக்கொள்ளுதல். நமக்கு இது அரங்கேற்றம் என்னும் பெயரில் முன்னரே தெரிந்தது. தொல்காப்பியமும் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிய பின்னரே நூலாயிற்று என்பர். வேறுபாடு ஒன்றுண்டு. நூலின் அரங்கில் வீற்றிருப்பவன் எல்லாம் கற்ற ஆசான். இவ்வரங்கில் வீற்றிருக்கவேண்டியவர் கல்லாத ஆச்சி. அவர் கேட்கும் தடைக்கு விடைசொல்லித் தப்பமுடியாது, திரையை மாற்றவேண்டும்.

ஆசிரியர்களாகிய நாமும் ஆண்டுதோறும் ஒரு முகத்தை அமைக்கின்றோம். வினாத்தாள் என்பது அதன் பெயர். 'எவையேனும் நான்கு வினாக்களுக்கு' என்னும் கட்டளையை ஒரு பக்கத்தின் அடியிலும் வினாக்களை மறுபக்கத்தின் தலையிலும் அச்சிட்டால், எட்டையும் எழுதிக் காலத்தை இழக்கும் பிள்ளை ஒருவனாவது இருப்பான். அவனைக் கவனமற்றவன் என்று சொல்லுமுன், அதே தாளைப் பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்த்தல் தகும்.

இனி, இக்கலை தமிழுக்கு எவ்வளவில் வந்துள்ளது என்பதனையும் நோக்குவோம். நம் நாட்டிற் பணப்பொறிகளும், அரசாங்கத் தளங்களும், தொலைபேசிகளும் தமிழ்த் திரை உடையனவாய் இருப்பது நற்பேறே. ஆயினும் அத்திரைகளை ஊன்றிப் படிக்குந்தோறும், அவை தமிழ் எழுத்தில் அமைந்த வேற்றுமுகங்கள் என்பது புலனாகின்றது. ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் அடங்கும் ஏவல் தமிழிற் பன்னிரண்டெழுத்தாய் நீளும். பொத்தானின் அகலமோ ஆங்கிலத்துக்கு அளந்தது. ஆதலின் 'உறுதிப்படுத்துக' என்பது 'உறுதிப்ப' என்பதோடு அறுந்து மூன்று புள்ளிகளோடு நிற்கின்றது. வரிக்கும் வரிக்கும் உள்ள இடைவெளியும் அவ்வாறே அளக்கப்பட்டது. மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகரக் கொம்பும் ஒன்றோடொன்று மோதும். சிலவேளை புள்ளி வெட்டுண்டு போகும். ஏட்டிலே எழுத்தாணிக்கு அஞ்சி இடாத புள்ளியை, இடமின்மையாற் திரை மீண்டும் பறித்துக்கொள்கின்றது.

மொழியின் நிலை இதனினும் கவலைக்குரியது. ஒரு பதிவை இரத்துச் செய்யப் புகுந்தவரை நோக்கித் திரை, 'பதிவை இரத்துச் செய்யவா?' என வினவி, கீழே 'சரி' என்றும் 'இரத்து' என்றும் இரண்டு பொத்தான்களை நீட்டுகின்றது. இரத்துச் செய்ய விரும்புபவர் எதை அழுத்துவது? 'பதிவை நீக்குக', 'பதிவை வைத்திருக்க' என்றிருப்பின் ஐயமில்லை. இன்னும், பொறி தானே வாக்கியம் ஆக்கும் இடங்களில், எப்பெயரை இட்டாலும் அதன் இறுதியில் 'ஐ' என்பதை ஒட்டவைத்து, 'சண்முகம்ஐ நீக்கவா?' என்று கேட்கின்றது. சண்முகத்தை என்று புணர்த்துவதற்கு மகர ஈற்றின் விதி ஒன்றைப் பொறிக்குச் சொல்லிக்கொடுத்தல் பெரிய காரியமன்று. அல்லது வேற்றுமையுருபு வேண்டாதபடி, 'நீக்கப்படும் பெயர்: சண்முகம்' என்று வாக்கியத்தை மாற்றுதல் அதனினும் எளிது. ஆசனம் ஒதுக்கவேண்டிய பொத்தானிற் 'புத்தகம்' என்று எழுதியிருப்பதும், முகப்புப் பக்கத்துக்குச் செல்லவேண்டிய பொத்தானில் 'வீடு' என்று எழுதியிருப்பதும் அறியாமையால் மட்டும் நேர்வனவல்ல. மொழிபெயர்ப்பவர் கையிற் தனித்தனிச் சொற்களின் பட்டியல் ஒன்றே கொடுக்கப்படுகின்றது. அச்சொல் திரையில் எங்கே நிற்கும், எதன் அருகே நிற்கும், பெயரோ வினையோ என்பது அவருக்குத் தெரியாது. மொழிபெயர்த்தவரை நாம் நகைக்கின்றோம். திரையைக் காட்டாது சொல்லைக் கேட்டவரை எவரும் வினவுவதில்லை.

ஆகவே அத்தகைய பணியை ஏற்கும் நம் மாணவர்களுக்கும் இளம் ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்வேன். பட்டியலைப் பெறுமுன் திரையின் படத்தைக் கேளுங்கள். மொழிபெயர்த்த பின் அதே திரையை, தமிழ் மட்டும் அறிந்த ஒருவர் முன்னே வைத்து, வாய் திறவாது அருகே அமருங்கள். அவருடைய விரல் எந்தச் சொல்லின் மேல் நின்று தயங்குகின்றதோ, அந்தச் சொல்லிலிருந்து வேலை தொடங்கலாம்.